தோள்மூட்டு எம்.ஆர்.ஐ.: சாதாரணமா, ஊசி போட்டா?

தோள் கழன்று மாதக்கணக்காகியும் கை ஓங்கும்போதெல்லாம் ‘இப்ப போகப் போகுது’ என்ற பயம் இருந்தால், சாதாரண எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டுமுன் டொக்டரிடம் ஆர்த்ரோகிராம் (மூட்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்றி எடுக்கிற எம்.ஆர்.ஐ.) பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். உப்புவெளியில் பின்னேரங்களில் வொலிபோல் அடிக்கிற நான் இரண்டையும் எடுத்துப் பார்த்தவன். இரண்டும் வேறு வேறு தனியார் நிலையங்கள். இரண்டுக்கும் திருகோணமலையிலிருந்து பஸ் ஏறித்தான் போனேன்.

முதல் இடத்தில் 3 டெஸ்லா (காந்த வலுவின் அளவு) மெஷின் என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இடம் சுத்தம், ஆட்களும் மரியாதை. கையை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, தோளில் கொயிலை (சிக்னல் பிடிக்கிற கருவி) கட்டி உள்ளே தள்ளினார்கள். அரை மணித்தியாலம் ஒரே தட்டல் சத்தம். ரிப்போர்ட்டில் என்ன? தசைநார்கள் கிழியவில்லை, லேசான வீக்கம், தோள்மூட்டுக் குழியைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு விளிம்பு (லாப்ரம்) பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. தோள் கழன்ற கதையை அங்கே ஒருவரும் கேட்கவே இல்லை. அதுதான் என் குறை. மெஷினில் பிழையில்லை, 1.5 டெஸ்லாவை விடப் படம் கூர்மைதான். ஆனால் மூட்டுக்குள் நீர் இல்லாவிட்டால் கிழிந்த லாப்ரமும் எலும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், கிழிசல் வாய் திறக்காது.

இரண்டாவது இடத்தில் 1.5 டெஸ்லாதான். முதலில் விறைப்பூசி. அப்புறம் அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே, உப்புநீரில் நன்றாக ஐதாக்கிய கடோலினியம் என்ற, படத்தில் பளிச்சென்று தெரிகிற மருந்தை மூட்டுக்குள் ஏற்றினார்கள், 12 மில்லிலீட்டர் அளவு. குத்தியது பெரிதாகத் தெரியவில்லை; உள்ளிருந்து தோள் ஊதுகிற அமுக்கம்தான் சங்கடம். மருந்து உறிஞ்சப்படுமுன் எடுக்கவேண்டும் என்று நேரே ஸ்கான் அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

கடைசிப் படங்களுக்குக் கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைக்க வேண்டும். தோள் கழன்றவனுக்கு அந்த நிலைதான் சிம்மசொப்பனம். ஸ்கான் எடுத்த தம்பி, “அவசரமில்லை அண்ணா, நீங்களே மெதுவாக் கொண்டு போங்கோ” என்று சொல்லி, முழங்கைக்குக் கீழே தலையணைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அந்தப் பொறுமைக்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். அந்தப் படங்களில்தான் குழியின் முன்-கீழ் விளிம்பு விலகி, இடையில் மருந்து புகுந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இதற்குப் பெயர் பாங்கார்ட் கிழிசல். மேற்கை எலும்பின் தலையில், கழன்றபோது குழி விளிம்பில் இடித்து விழுகிற ஹில்-சாக்ஸ் பள்ளமும் இருந்தது. “இந்தப் பள்ளம் முதல் சீடியிலேயே இருக்கு, ரிப்போர்ட்டில்தான் இல்லை” என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

எல்லோருக்கும் ஊசி தேவையில்லை. தோள் கழன்று ஓரிரு வாரம்தான் என்றால், மூட்டுக்குள் கசிந்த இரத்தமும் நீருமே மருந்தின் வேலையைச் செய்துவிடும்; சாதாரண ஸ்கான் பெரும்பாலும் போதும். கை தூக்கமுடியாமல் இருந்த என் அம்மாவுக்குச் சுழல் தசைநார் (தோளைச் சுற்றிப் பிடித்துக் கையைத் தூக்க உதவுவது) முழுதாகக் கிழிந்திருந்தது அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிட்டது. மருந்தைக் கை நாளத்தில் ஏற்றி, தோளைக் கொஞ்சம் அசைத்துவிட்டு எடுக்கிற முறையும் உண்டு. மூட்டில் குத்தமாட்டார்கள், ஆனால் அது மூட்டை இந்தளவு விரிக்காது.

ஊசிக்கும் ஸ்கானுக்கும் தனித்தனி பில் வரும், போன் பண்ணும்போதே கூட்டிக் கேளுங்கள். சீடியைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்குத் தோள் கனத்துக் கிடக்கும், அதனால் மோட்டார் சைக்கிள் வேண்டாம். பையைத் தூக்க ஒருவரைக் கூட்டிப் போங்கள்.