ரைகோல் டிஎஸ்1054இசட் ஆசிலாஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி): நான்கு சேனல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு

வேண்டும். இன்வெர்ட்டர், பவர் சப்ளை பழுது பார்க்கிறவர்கள் இரண்டு சேனலோடு நிற்காதீர்கள். லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம், ஆளாளுக்கு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டார்கள், இப்போது அவை ஒவ்வொன்றாக என் மேசைக்கு வருகின்றன. கன்ட்ரோலர் சிப்பிலிருந்து, மாஸ்பெட்டை (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) இயக்கும் டிரைவர் சிப்புக்குப் போகும் நான்கு சிக்னலையும் மஞ்சள், வெளிர்நீலம், ஊதா, நீலம் என்று ஒரே திரையில் அடுக்கிப் பார்த்தால், ஒரு பக்கம் அணைவதற்குள் மறுபக்கம் எழும்புகிறதா என்பது அப்படியே தெரிந்துவிடும். மாஸ்பெட் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கும்.

ஆனால் நான்கையும் திறந்தால் வேகம் பங்காகிவிடும். ஒரு சேனல் மட்டும் என்றால் நொடிக்கு 100 கோடி சாம்பிள் (சிக்னலை அளந்து எடுக்கும் புள்ளி), இரண்டுக்கு 50 கோடி, மூன்றோ நான்கோ என்றால் 25 கோடிதான். இன்வெர்ட்டர் வேலைக்கு அதுவே தாராளம். வேகமான டிஜிட்டல் சிக்னல் பார்க்கும்போது மட்டும் வேண்டாத சேனலை அணைத்துவிடுங்கள். நான்கு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஜோடி வெர்டிகல் குமிழ்தான் (அலையின் உயரத்தையும் இடத்தையும் மாற்றுவது), அதனால் எந்தச் சேனல் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

கூட வரும் புரோபை (சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் முனை) சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் 10எக்ஸில் வைத்து, மெனுவிலும் 10எக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 12 வோல்ட் 1.2 ஆகத் தெரியும். சிக்னலை அப்படியே விடும் 1எக்ஸில் புரோப் கடத்தும் அதிர்வெண் 7 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, சர்க்யூட்டின்மேல் சுமையும் ஏறுகிறது. பேட்டரி லைனில் சின்ன ரிப்பிள் (டிசியின்மேல் ஏறி வரும் சிறு அலை) பார்க்கத்தான் 1எக்ஸ்: டிசியைத் தள்ளிவிடும் ஏசி கப்ளிங், அதிக அதிர்வெண்ணை வெட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு இரண்டையும் போட்டுவிட்டுப் பார்த்தால் அலை சுத்தமாக வரும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நான்கு சேனலின் கிரவுண்டும் உள்ளே ஒன்றுதான், அது அப்படியே சுவர் பிளக்கின் எர்த்துக்குப் போகிறது. நம் 230 வோல்ட் மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள பகுதியில் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் ஷார்ட்தான், புரோபும் போகும், போர்டும் போகும். அதற்காக ஸ்கோப்பின் எர்த்தைக் கழற்றி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஸ்கோப்பின் வெளிப்புற உலோகமெல்லாம் அந்த வோல்டேஜுக்கு வந்துவிடும், தொட்டால் உயிர் போகும். செய்யவே செய்யாதீர்கள்.

24 வோல்ட், 48 வோல்ட் பிரிட்ஜ் (மேலும் கீழுமாக மாஸ்பெட்டுகள் அடுக்கிய சர்க்யூட்) என்றால், மேல் மாஸ்பெட்டின் கேட் என்ற காலில் ஒரு புரோப், சோர்ஸ் என்ற காலில் இன்னொன்று, கிளிப் இரண்டையும் சர்க்யூட்டில் மாட்டாமல் ஒன்றோடொன்று கோர்த்துவிட்டு, இரண்டு சேனலுக்கும் ஒரே அளவு வைத்து, மேத் மெனுவில் ஏ-பி (ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது) போடுங்கள். சரி, 400 வோல்ட் பஸ்ஸிலும் (இன்வெர்ட்டருக்குள் இருக்கும் உயர் வோல்டேஜ் டிசி லைன்) இதையே செய்யலாமா? வேண்டாம். புரோபின் வரம்பே 300 வோல்ட்தான், அதோடு இது 8 பிட் கருவி, அதாவது மொத்தம் 256 படிதான், அவ்வளவு பெரிய அளவில் ஒவ்வொரு படியும் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வரும், கேட்டின் 12 வோல்ட் படிக்கட்டாகத்தான் தெரியும். அந்த வேலைக்குத் தனியாக ஒரு டிஃபரென்ஷியல் புரோப் (எர்த்தைச் சாராமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளப்பது) வாங்கிக்கொள்ளுங்கள்.