யூடோரண்ட், டிரான்ஸ்மிஷன், கியூபிட்டோரண்ட்: எதை நம்பி நிறுவலாம்?

டெபியன், உபுண்டு மாதிரி இயங்குதளங்களின் பெரிய ஐஎஸ்ஓ கோப்புகளை (நிறுவுவதற்கான முழு வட்டுப் பிரதி) இறக்க டோரண்ட் அருமையான வழி. ஒரே சர்வரிலிருந்து இல்லாமல், அதே கோப்பை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வாங்கும் முறை இது. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் எந்த மென்பொருளில் இறக்குகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்தே ஆக வேண்டும்.

நம்மில் பலருக்கு முதலில் பழக்கமானது யூடோரண்ட். 2005-இல் வந்தபோது அவ்வளவு சின்னது, பழைய கணினியிலும் சிட்டாக ஓடும். அடுத்த ஆண்டே பிட்டோரண்ட் நிறுவனம் அதை வாங்கியது. போகப்போக விளம்பரங்கள் ஏறின. 2015-இல் எபிக் ஸ்கேல் என்ற கிரிப்டோ மைனிங் மென்பொருளும் (நம் கணினியின் உழைப்பில் டிஜிட்டல் நாணயம் ஈட்டுவது) கூடவே வந்து உட்கார்ந்தது. அனுமதி கேட்டுத்தான் போட்டோம் என்றது நிறுவனம். கேட்காமலே ஏறிவிட்டது என்றார்கள் பயனர்கள். யார் சொன்னது சரி என்றாலும், கோப்பு இறக்கும் மென்பொருளுக்கு அந்த வேலை எதற்கு? இன்று இதைப் புதிதாக நிறுவ ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

டிரான்ஸ்மிஷன் திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கலாம்), விளம்பரம் கிடையாது, மேக்கில் ரொம்ப எளிது. ஆனாலும் 2016 மார்ச்சில் அதன் அதிகாரப்பூர்வ தளத்திலேயே 2.90 பதிப்புக்குள் யாரோ கீரேஞ்சர் என்ற ரேன்சம்வேரை நுழைத்துவிட்டார்கள். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் கோப்புகளைப் பூட்டி ஒரு பிட்காயின் கேட்டது அது. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் அந்தத் தளத்தில் கீட்நாப் என்ற வேறொரு தீநிரல்.

என் தேர்வு கியூபிட்டோரண்ட். இதுவும் திறந்த மூலம், விளம்பரம் இல்லை. குறையே இல்லையா என்றால் இருந்தது: தொடர்புகொள்ளும் தளம் உண்மையானதுதானா என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்காமல் விடும் ஓட்டை 2010 முதல் 2024 அக்டோபரில் 5.0.1 வரும்வரை அடைபடவில்லை. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள். விபிஎன் (நம் இணைய முகவரியை மறைக்கும் இடைவழி) வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி உண்டு. மேம்பட்ட அமைப்புகளில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸாக, அதாவது இணைய வழியாக, விபிஎன்னை மட்டும் தேர்ந்துவிட்டால், அது அறுந்ததும் பகிர்வும் நின்றுவிடும்.

மூன்றில் எதுவுமே தானாகத் தடுக்காத ஆபத்துகளும் உண்டு. பியர்ஸ் (அதே கோப்பைப் பகிரும் மற்றவர்கள்) பகுதியைத் திறந்தால் முகம் தெரியாதவர்களின் ஐபி முகவரிகள் வரிசையாக ஓடும். அவர்களுக்கும் உங்கள் முகவரி அப்படியே தெரிகிறது. இறக்கும்போதே ஏற்றவும் செய்வதால், காப்புரிமை உள்ள படத்தை இறக்குகிறவர் சட்டத்தின் பார்வையில் அதை விநியோகிக்கவும் செய்கிறார்.

ஒவ்வொரு துண்டையும் ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கொண்டு மென்பொருள் சரிபார்ப்பது உண்மைதான். ஆனால் ஏற்றியவர் வைத்த கோப்பு மாறாமல் வந்ததா என்றுதான் அது பார்க்கும். ஏற்றியவர் யோக்கியமானவரா என்று பார்க்காது. விண்டோஸ் வேறு கோப்பின் கடைசி நீட்சியை மறைத்துவிடும். ‘பாடம்.பிடிஎஃப்’ என்று கண்ணில் படுவது உண்மையில் ‘பாடம்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ ஆக, அதாவது திறந்ததும் ஓடும் நிரலாக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி முதலில் மாற்றுங்கள். ஐஎஸ்ஓ என்றால் டெபியன் தளத்திலேயே எஸ்எச்ஏ256 என்ற வகை ஹேஷ்களின் பட்டியல் இருக்கிறது. டோரண்டை எங்கிருந்து எடுத்திருந்தாலும் இறக்கிய கோப்பின் ஹேஷை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவுங்கள்.