ட்ரெமெல் 3000: வேகம்தான் பலம், கவனமும் அங்கேதான் வேண்டும்

வெட்ட, தேய்க்க, துளையிட என முனையில் பிட்டுகளை மாற்றி மாட்டும் சுழல் கருவி இது. கைக்கு அடக்கமானது, ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கும் மேல் போகும். கம்பி பிரஷை மட்டும் 15,000-ஐத் தாண்டி ஓட்டவே கூடாது. கம்பிகள் பிய்ந்து முகத்தை நோக்கிப் பறக்கும். மெல்லிய கட்டிங் டிஸ்க் லேசாகச் சாய்ந்தாலே நொறுங்குகிறது. ஃபைபர் இழை சேர்த்த 38 மி.மீ. டிஸ்க்கைத் தனியாக வாங்குங்கள், அந்தச் செலவுக்குத் தகும். பிட்டின் தண்டைக் காலெட்டுக்குள் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் முனைப் பகுதி) நன்றாக இறக்கி இறுக்குங்கள். அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் முழு வேகத்தில் வளைந்து அடிக்கும். சுற்றும்போது ஸ்பிண்டில் லாக்கை (பிட் மாற்றும்போது சுழலாமல் பிடித்துக்கொள்ளும் பொத்தான்) அழுத்தினால் கருவியே பாழ். பிளாஸ்டிக்குக் குறைந்த வேகம் போதும், இல்லையேல் உருகி பிட்டில் அப்பிக்கொள்ளும். மோட்டார் திணறினால் அழுத்தத்தைக் குறையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தூசிக்கு மாஸ்க் இரண்டும் கட்டாயம். சிறு துண்டுகளைக் கையில் பிடித்து வெட்டாதீர்கள், வைஸில் (மேஜைப் பிடிப்புக் கருவி) இறுக்குங்கள். பிட் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.