குட்டியின் கழிச்சலைப் பார்க்காமல் மருந்து பருக்குகிறவரை நம்பாதீர்கள்

வேலணை, புங்குடுதீவுப் பக்கம் செம்மறி வளர்க்கிற எல்லாரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். போன கார்த்திகை மழைக்குள் என்னுடைய ஐந்து குட்டிகளில் மூன்று செத்துப்போயின.

நாலு கிழமைக் குட்டிகள். முதல் நாள் துள்ளித் திரிந்தவை, விடியப் போய்ப் பார்த்தால் வாலடியெல்லாம் கழிச்சல் ஒட்டி, முதுகைக் கூனிக்கொண்டு நின்றன. குனிந்து பார்த்தேன், சளியோடு இரத்தம். பக்கத்து வீட்டு அண்ணை சொல்லி, மோட்டார்சைக்கிளில் வீடு வீடாக வந்து மருந்து கொடுக்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கொட்டிலுக்குள் கால் வைக்கவேயில்லை. படலையடியில் நின்றபடி, "அக்கா, இது புழு, ஒரு மருந்தோடை நிக்கும்" என்றார். நான்தான் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். லேபல் இல்லாத போத்தலில் இருந்து பெரிசு சிறிசு பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பருக்கிவிட்டு, நாளை வரை பாலும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், வயிறு காயட்டும் என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். காசு வாங்கியதற்குத் துண்டும் தரவில்லை. சொன்னபடியே தாய்களைப் பிரித்துக் கட்டினேன், இரவு முழுக்கக் கத்தின. விடிய ஒன்று, மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு. போன் அடித்தால் அவர் எடுக்கவில்லை.

மிச்ச இரண்டையும் சாக்கில் சுற்றி ஓட்டோவில் அரச மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். அவர் கழுத்துத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டார், அது மடிந்தபடியே நின்றது. உடம்பில் நீர் வற்றிப்போச்சு, குட்டியைக் கொல்வது அதுதான், பாலை ஏன் நிற்பாட்டினீர்கள் என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. கழிச்சலைச் சோதித்தபோது கொக்சிடியா. அது புழுவே இல்லை, குடலின் உட்சுவரை அழிக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது. மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு மாதம் வரையான குட்டிகளைத்தான் கூடப் பிடிக்குமாம். நிறை பார்த்து சல்பா மருந்து தந்தார், தாய்ப்பாலோடு இடைக்கிடை ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைத்துக் கொடுக்கிற உப்புத் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இரண்டும் பிழைத்தன. ஒன்றைக் கவனியுங்கள்: தலை தூக்க முடியாமல் கிடக்கிற குட்டிக்கு வாயால் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும், உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

என் பக்கத்திலும் பிழை இருந்தது. கொட்டில் நிலம் ஈரம், குழையையும் நிலத்தில்தான் போட்டேன். வளர்ந்த ஆடுகள் நோய் காட்டாமலே இந்தக் கிருமியைப் புழுக்கையோடு கழிக்கும், ஈரத்தில் அது சில நாளிலேயே தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும். இப்போது பலகை அடித்து நிலத்தை உயர்த்தி, தினமும் கூட்டி, பூவரசங்குழையைக் கட்டித் தொங்கவிடுகிறேன். பிறந்த குட்டிக்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால், அதாவது ஈன்றவுடன் தாய் சுரக்கிற முதல் பால், வயிறு நிறையக் கிடைக்கிறதா என்றும் பார்க்கிறேன், ஒரு நாள் கழிந்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது.

அந்த மோட்டார்சைக்கிள் இப்பவும் ஊருக்குள் வருகிறது. உங்கள் படலையடிக்கு வந்தால் போத்தலில் மருந்தின் பெயர் எங்கே என்று கேளுங்கள். காட்டாவிட்டால் குட்டியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், அன்று கழித்ததில் கொஞ்சத்தைப் பையில் கட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.