பெல்லட் டின்னில் போன 16,800 ரூபாய்: பிள்ளைகளைத் துப்பாக்கி சுடப் பழக்கும் பெற்றோர் கொஞ்சம் படியுங்கள்

16,800 ரூபாய். நேற்று ராத்திரி வரைக்கும் பாதியாவது திரும்ப வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பெல்லட் என்கிற ஏர் துப்பாக்கிக் குண்டை எனக்கு விற்றவனுக்கு இன்றைக்குக் காலையில் போன் போட்டால் போகவே இல்லை. மகள் போனிலிருந்து அடித்தேன், ஒரே ரிங்கில் எடுத்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அடுத்த நிமிடம் அந்த நம்பரையும் தடுத்துவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெல்லட் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

நான் கடலூர் புதுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு வயது 15. 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்த நாளிலிருந்து இவளுக்கு அதே நினைப்பு. டோக்கியோவில் அந்தப் பெண்ணின் துப்பாக்கி போட்டி நடுவில் பழுதாகி, அழுதுகொண்டே வெளியே வந்ததையும் தேடிப் பார்த்திருக்கிறாள். "அவங்க அதுக்கப்புறம்தான்மா ஜெயிச்சாங்க" என்பாள். வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் பாண்டிச்சேரி பஸ் ஏற்றி, முள்ளோடை தாண்டி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். திரும்பி வந்த பிறகு ராத்திரி பதினொரு மணி வரை ஜாக்கெட் தைப்பேன். அந்தப் பணம்தான் இது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளும். குண்டு என்பது 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட். தலை தட்டையாக, இடுப்பு ஒடுங்கி, கீழே பாவாடை மாதிரி விரிந்திருக்கும். தலை தட்டையாக இருந்தால்தான் அட்டையில் துளை வட்டமாக, சுத்தமாக விழும். பிஸ்டலுக்கு வாங்குவது சுமார் 0.45 கிராம். போட்டியில் 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம். அட்டையில் பத்துப் பாயிண்டு வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். நான் தினமும் வைத்துத் தைக்கிற சட்டைப் பொத்தான் அளவு. பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒற்றைக் கையில் அதை அடிக்க வேண்டும். அப்படியிருக்கும்போது ஒரு பெல்லட்டுக்கும் அடுத்ததற்கும் எடையும் தலை அளவும் மாறினால் பிள்ளை என்ன செய்யும்?

என் நாத்தனார் மருமகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே நிஜத் துப்பாக்கித் தோட்டாவையே வீட்டில் திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். அவர் போனில் சொன்னது இது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, தீப்பொறி கொடுக்கிற புது பிரைமர் வைத்து, வெடிமருந்தைத் துல்லியமாய் எடைபோட்டுப் போட்டு, மேலே குண்டை அமுக்குவார்களாம். கைத்துப்பாக்கிக்குப் பெரும்பாலும் சீக்கிரம் எரிகிற மருந்து வேண்டும், ரைஃபிளுக்கு மெதுவாய் எரிவது வேண்டும். எந்த மருந்து எவ்வளவு என்பதை அச்சடித்த புத்தகத்தில் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, தன் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தபின்தான் கூட்டுவாராம். "அடுத்தவன் சொன்ன அளவை நம்பினா கையே போயிடும் அத்தை" என்றார். நம் ஊரில் அதெல்லாம் முடியாது. தோட்டா என்றாலே லைசென்ஸும் லைசென்ஸ் உள்ள கடையும் வேண்டும். நமக்கு வாய்த்தது காற்றும் ஈயமும்தான். ஆனால் அவர் சொன்ன விஷயம் பெல்லட்டுக்கும் அப்படியே பொருந்தும். எது நல்லது என்று டின் மேல் இருக்கிற பெயர் சொல்லாது, உன் துப்பாக்கிதான் சொல்லும். கோச் சாரும் இதையேதான் சொன்னார். "முதல்ல ஒரு டின் வாங்கி குரூப் பாருங்கம்மா, அப்புறம் மொத்தமா வாங்கலாம்." குரூப் என்றால் சுட்ட குண்டெல்லாம் எவ்வளவு நெருக்கமாய் விழுகிறது என்பது. அந்த ஒரு வார்த்தையை நான் கேட்டிருக்க வேண்டும்.

துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு பக்கம். கடை கிடையாது, போனில் படம் போட்டு விற்கிற வகை. ஜெர்மன் பெல்லட், டின் 1,400 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். ஒரு டின்னில் 500. விலை கேட்டு ஒரு வரிதான் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போனே வந்துவிட்டது. நல்ல தமிழ், பொறுமையான குரல். "அக்கா, பாப்பாவுக்கா? எவ்ளோ அடிக்குது?" என்று கேட்டான். 548 என்றேன். "அறுநூறுக்கு 548-ஆ! பதினஞ்சு வயசுலயா? அக்கா, நீங்க குடுத்து வெச்சவங்க" என்றான். யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் பொம்பளைப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இவன் ஸ்கோர் கேட்டான், எந்தக் கையில் சுடுகிறாள் என்று கேட்டான், டிரிகர் இழுக்கும் எடை 500 கிராம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான். விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பினேன்.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. "ஒரு டின் வாங்கிப் பாத்துட்டு வந்தீங்கன்னா இந்த லாட் தீந்துடும் அக்கா. அடுத்த லாட் வேற மாதிரி அடிக்கும். பன்னெண்டு டின் ஒரே லாட்ல எடுத்து வெக்கிறேன், பாப்பாவுக்கு ரெண்டு மாசம் கவலை இல்ல." லாட் என்றால் ஒரே தடவையில் தயாரித்த சரக்கு. லாட் மாறினால் குரூப் மாறும் என்பது உண்மை. கோச் சாரே சொல்வார். அந்த உண்மையை வைத்தே என் கண்ணைக் கட்டினான். வரிசையாய் அடுக்கிய டின்களை வீடியோ எடுத்து அனுப்பினான். மேலே ஒரு சீட்டில் என் மகள் பெயரை எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் பணத்தைப் போட்டுவிட்டேன். கம்பெனி கணக்கில் இன்றைக்கு வரம்பு முடிந்துவிட்டது, இந்த நம்பருக்குப் போடுங்கள் என்றான். அதற்கும் சரி என்றேன். ஒரே தவணையில் 16,800.

ஒரு வாரத்தில் வரும் என்றது ஒரு மாதம் கழித்து, போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் வந்தது. மகளிடம் பழைய பெல்லட் ஒரு டின்னின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். பார்சலைப் பிரித்தபோதே மனசு கொஞ்சம் இடறியது. டின் மேல் ஒட்டியிருந்த தலை அளவு ஸ்டிக்கர் ஓரத்தில் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மேலே 4.50, கீழே 4.49. அடுத்த டின்னில் ஸ்டிக்கரே இல்லை. லாட் எண் பன்னிரண்டிலும் ஒன்றாக இல்லை, நான்கு விதம். மூடியைத் திறந்தால் பெல்லட்டில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது, பழைய ஈயத்தில் பூக்குமே அது. சிலவற்றின் பாவாடை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அன்றே அவனுக்குப் படம் அனுப்பினேன். "அது ஒண்ணும் ஆகாது அக்கா, துணியால தொடச்சிட்டுப் போடச் சொல்லுங்க" என்றான்.

மறுநாள் கோச் சார் துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தார். பழைய பெல்லட்டில் ஐந்து குண்டு, ஐந்தும் பொத்தானுக்குள். புது டின்னில் ஐந்து குண்டு, நான் ஜாக்கெட்டில் கொக்கி வைக்கிற இடைவெளிக்குச் சிதறியது. துளையும் வட்டமாக இல்லாமல் காகிதம் கிழிந்திருந்தது. ஒரு பெல்லட் குழல் வாயிலேயே சிக்கிக்கொண்டது, கம்பி விட்டுத் தள்ளி எடுத்தார். அவர் என்னைத் திட்டவில்லை. அட்டையை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

நான் விடவில்லை. எங்கள் தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் இருபது பெல்லட்டைக் கொண்டுபோனேன். தங்கம் நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். 0.42, 0.47, 0.44, 0.51. "என்னம்மா இது, ஒரே அச்சுல வந்த மாதிரியே இல்லையே" என்றார். பழைய டின்னில் மிச்சம் இருந்ததில் பத்து நிறுத்தோம். பத்தும் 0.45. அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கி, தராசோடு படம் எடுத்து, அவனுக்கு அனுப்பினேன்.

அதற்கு வந்த பதிலை நான் மறக்கவே மாட்டேன். "அக்கா, எடை எல்லாம் பெரிய விஷயம் இல்ல. பாப்பாவுக்குக் கை நடுங்குது, அத சரி பண்ணுங்க." மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டதற்கு எந்தக் கை நடுங்கும்?

வேறு வழியில்லாமல் பயிற்சிக்கு வரும் இன்னொரு பையனின் அப்பாவிடம் கடனாக ஒரு டின் வாங்கினோம். வேறு கம்பெனி, அவள் துப்பாக்கிக்குப் பழக்கமில்லாதது. பழகிக்கொள்ள இரண்டு நாள்தான் கிடைத்தது. போட்டியில் 521. வெளியே வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கெடிலம் பாலம் வந்தபோதுதான் "பரவாயில்லம்மா, காசுதான் பாவம்" என்றாள். பதினைந்து வயசுப் பிள்ளை என் காசுக்காகக் கவலைப்படுகிறது.

அப்புறம் நடந்தது எல்லாம் அலைக்கழிப்பு. திங்கள்கிழமை: ஓனர் ஊரில் இல்லை. செவ்வாய்: குழலைச் சுத்தம் செய்து பாருங்கள். புதன்: டின் திறந்துவிட்டீர்கள், திறந்தால் ரிட்டர்ன் கிடையாது. திறக்காமல் எப்படி அய்யா தெரியும்? பதினோரு டின்னில் ஸ்டிக்கரைத் தவிர எதையும் தொடவில்லை, அதையாவது எடுத்துக்கொள் என்றேன். வியாழன்: பில் இருக்கிறதா? நீதானே கொடுக்க வேண்டும்! கேட்டதற்கு ஒரு படம் அனுப்பினான். அதில் "விளையாட்டுப் பொருள், 1" என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. நேற்று ராத்திரி, பாதிப் பணம் போடுகிறேன், காலையில் பேசுங்கள் என்றான். காலையில் நடந்ததுதான் மேலே எழுதியது.

புகார் கொடுக்கப் போன இடத்தில் துப்பாக்கி என்ற வார்த்தையைக் கேட்டதுமே லைசென்ஸ் எங்கே என்றார்கள். 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூலுக்குக் குறைவான ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம், 2016 ஆயுத விதிகளிலேயே இருக்கிறது, குண்டு வெளியே வரும் ஆற்றலைத்தான் ஜூலில் சொல்கிறார்கள், இதற்கு ஐந்து ஆறு ஜூல்தான் என்று விளக்கி முடிக்கவே அரை மணி நேரம். ஏமாந்தவள் நான், விளக்கம் சொல்வதும் நான். வங்கியில், பணத்தை நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்று முடித்துக்கொண்டார்கள். பண மோசடிக்கான சைபர் புகார் எண் 1930-க்குப் போன் செய்தேன், பதிந்துகொண்டார்கள். ஆனால் பணம் போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் போன கணக்கில் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும்.

என்ன பார்த்து வாங்குவது என்று எழுதுகிறேன் என்றேன். உட்கார்ந்து விரிவாய் எழுத இப்போது முடியவில்லை, பத்து மணிக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு டின், அதுவும் உங்கள் கோச் முன்னால் சுட்டுப் பார்த்துவிட்டு. பத்துப் பெல்லட்டை நகைத் தராசில் நிறுங்கள், ஐந்து ரூபாய் செலவில்லை. ஸ்டிக்கரை நகத்தால் உரசிப் பாருங்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. ஏமாந்தது தெரிந்த அன்றே 1930. சரக்கு மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. பெல்லட் தொட்ட கையைக் கழுவிவிட்டுப் பிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லுங்கள், அது ஈயம்.

பன்னிரண்டு டின்னும் ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன், ஆசாரி அண்ணன் எழுதிக் கொடுத்த தாளும் அதிலேயே இருக்கிறது. கடலூர், பாண்டிச்சேரி, விழுப்புரம் பக்கம் வேறு யாராவது "பாப்பா எவ்ளோ அடிக்குது" என்று கேட்டவனிடம் பணம் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.