பாவித்த ஹார்ட் டிஸ்க்கைப் புதிது என்று விற்கிறார்கள், வன்னியில் வாங்குவோர் கவனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடுப்பவர்கள், பள்ளிக்கூடக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். "புத்தம் புதிது, சீல் உடைக்காதது" என்று காசு வாங்கிக்கொண்டு, எங்கோ இரண்டு வருடத்துக்கு மேல் இரவுபகலாக ஓடிய 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடை கொழும்பில் இருக்கிறது. முகநூலில் விளம்பரம் போட்டு, கூரியரில் அனுப்புகிறார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இப்போது எழுதவில்லை.

இந்த மோசடி ஏன் இப்போது பெருகுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் இன்று மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய தரவு மையங்கள் டிஸ்க்குகளை மொத்தமாக வாங்குகின்றன. 2025 செப்டெம்பரில் வெஸ்டர்ன் டிஜிட்டல் விலையைக் கூட்டுவதாக அறிவித்தது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டியின் விலையும் சேர்ந்து ஏறியது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோதும் இப்படி ஏறியது. எங்களுக்கு டொலர் விலையும் 18 வீத வற் வரியும் இதன் மேல் வந்து விழுகின்றன. புதிய டிஸ்க் எட்டாத விலைக்குப் போனவுடன், தரவு மையங்களிலும், டிஸ்க் இடத்தைப் பாவித்துச் 'சியா' என்ற டிஜிட்டல் நாணயம் உழைக்கும் இடங்களிலும் ஓடிக் கழிந்த டிஸ்க்குகளைத் துடைத்து, புது உறையில் போட்டு விற்கிறார்கள். 2025 ஜனவரியில் ஜேர்மனியில் இதே விடயம் பெரிதாக வெளியே வந்தது. பாவித்த சீகேட் டிஸ்க்குகளைப் புதிது என்று பல கடைகள் விற்றிருந்தன. அது சீகேட் கொம்பனி செய்த வேலை இல்லை, இடையில் நின்றவர்கள் செய்தது.

எனக்கு வந்ததும் அப்படிப்பட்ட சீகேட் டிஸ்க்தான். மற்றக் கடைகளை விடக் கொஞ்சம்தான் குறைவு. அதைக் கவனியுங்கள், பாதி விலை என்றால் யாரும் சந்தேகப்படுவார்கள். உறை புதிது, லேபல் புதிது. ஆனால் வயர் செருகும் இடத்தில் மெல்லிய கீறல்கள். திருகாணி ஓட்டைகளிலும் முடுக்கிக் கழற்றிய அடையாளம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் ஓடிய நேரம் பூச்சியம். கீறலும் பூச்சியமும் ஒத்துவரவில்லை. சீகேட் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்று இன்னொரு உள்கணக்கு இருக்கிறது. வெளியில் தெரியும் மணிக்கணக்கை அழிப்பவர்கள் இதைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் அதை வாசிக்கலாம். வாசித்தேன். 20,000 மணித்தியாலத்துக்கு மேல். சீரியல் இலக்கத்தைக் கொம்பனியின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டால், இந்த டிஸ்க்குக்கு உத்தரவாதம் இல்லை என்று வருகிறது.

கடைக்குப் போன் எடுத்தேன். "அண்ணா, சீல் உடைச்சிட்டீங்கள், இனித் திருப்பி எடுக்க ஏலாது. ஒரு வருச வாரண்டி தந்திருக்கிறம்தானே, பழுதானா மாத்தித் தாறம்" என்றார் அந்தத் தம்பி. "பழுதானா டிஸ்க்கை மாத்தித் தருவீங்கள், அதுக்குள்ள இருக்கிற கலியாணத்தை ஆர் தாறது?" என்று கேட்டேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் காசைப் பற்றி மட்டும் இல்லை. 2009இல் ஆல்பங்களையும் விட்டுவிட்டு உயிரோடு வந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! அம்மா அப்பாவின் முகத்துக்கு ஒரு படம்கூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இன்று ஒரு சாமத்திய வீட்டு வீடியோவைக்கூட இவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள். "ஐயா மோசம் போயிட்டார், அவர் வாற துண்டை மட்டும் எடுத்துத் தாங்கோ" என்று வருடங்கள் கழித்து வந்து கேட்கிறார்கள். அந்தத் துண்டு இருக்கும் டிஸ்க்கில் பொய் சொல்வது சின்னக் களவு இல்லை.

ஆகவே டிஸ்க் கையில் கிடைத்தவுடன் எதையும் பதியாதீர்கள். முதலில் சீரியல் இலக்கத்தைக் கொம்பனிப் பக்கத்தில் பாருங்கள், பிறகு உள்கணக்கைப் பாருங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் ஃபார்ம் பல நேரம் தெரியாது, கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வயரில் நேராக மாட்ட வேண்டும். உறை பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டில் 'புதியது' என்ற சொல்லும் சீரியல் இலக்கமும் எழுதித் தரச் சொல்லுங்கள். 'கடை வாரண்டி' வேறு, கொம்பனி உத்தரவாதம் வேறு. பாவித்த டிஸ்க் என்று உண்மையைச் சொல்லி, மணிக்கணக்கையும் காட்டி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் இரண்டாவது பிரதிக்கு அதை வாங்கலாம். அதில் குறை இல்லை.

விலைக்குப் பயந்து வேறு வழி தேடுபவர்களும் கவனம். ஒரு தீப்பெட்டி அளவில் 16 டெராபைட் எஸ்எஸ்டி, சில ஆயிரம் ரூபாய் என்று வரும் விளம்பரங்கள் முழுப் பொய். உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். இடம் முடிந்த பிறகு பதிவது எல்லாம் தொலையும், பெயர் மட்டும் திரையில் நிற்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். நல்ல எஸ்எஸ்டி கூட, கரண்ட் கொடுக்காமல் அலுமாரியில் வருடக்கணக்கில் வைக்கும் சாமான் இல்லை, அதுவும் எங்கள் வெக்கையில். இணையத்தில் ஏற்றலாம் என்றால், 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட். கூகுள் இலவசமாகத் தருவது 15. வெட்டி முடித்த வீடியோவுக்கும் தெரிந்தெடுத்த படங்களுக்கும் இணையம் சரி. மூலப் பதிவுகளை நான் இப்போது வாடிக்கையாளர் வாங்கித் தரும் டிஸ்க்கில் ஒரு பிரதியாகவே கொடுத்துவிடுகிறேன்.

என்னைப் போல் ஏமாற்றப்பட்டவர்கள் இருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு, கூரியர் துண்டு, விளம்பரத்தின் படம், சீரியல் இலக்கம், மணிக்கணக்கு தெரியும் கணினித் திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்து நான் கொடுத்துவிட்டேன். டிஸ்க்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இவற்றின் பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.