வட்டாரத் தொழில்களுக்கான பொது ஆராய்ச்சிக்கூடம்: பயனாளர் மதிப்பீடு

எஃகுத் தகடுகளை லேசரில் வெட்டி, வளைத்து, பவுடர் கோட்டிங் (பொடிப் பூச்சு) செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. எங்கள் வட்டாரத் தொழில்களுக்காகப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் பொது ஆராய்ச்சிக்கூடத்தின் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். மின்னணு நுண்ணோக்கியைச் சொந்தமாக வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை என்பதால், கருவி வாடகைக்குக் கிடைப்பதே பெரிய உதவிதான்; ஆயினும் இச்சேவையில் நான் முதலில் மெச்சுவது அங்குள்ள தொழில்நுட்பப் பணியாளர்களைத்தான்.

எங்கள் பாகங்களில் வெட்டு விளிம்புகளில் மட்டும் பூச்சு உரியத் தொடங்கியபோது, அவற்றை உப்புத் தெளிப்புச் சோதனைக்குக் கொடுத்தோம். ஐஎஸ்ஓ 9227 முறைப்படி, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனிபோலத் தெளித்துக்கொண்டே இருக்கும் பெட்டி அது. வெளியே எடுத்துப் பார்த்தால், தட்டையான பரப்பு அப்படியே இருக்க, விளிம்பில் மட்டும் பூச்சு நாடா நாடாவாகக் கையோடு வந்தது. ‘தேறவில்லை’ என்று அறிக்கை கொடுத்திருந்தாலே அவர்கள் கடமை முடிந்திருக்கும். பணியாளர் அதோடு விடாமல், சோதிக்காத துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, ரெசினில் பதித்து, பளபளவென்று மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தார். எஃகுக்கும் பூச்சுக்கும் நடுவே மெல்லிய சாம்பல் நிற அடுக்கு தெரிந்தது. தனிமப் பகுப்பாய்வில் அது இரும்பும் ஆக்சிஜனும் என்று தெரியவந்தது. லேசரோடு சேர்த்து எந்த வாயுவைப் பீய்ச்சி வெட்டுகிறீர்கள் என்று உடனே கேட்டார். ஆக்சிஜனைக் கொண்டு வெட்டினால் விளிம்பில் ஆக்சைடு படலம் படியும். பூச்சு அந்தப் படலத்தை நன்றாகப் பற்றிக்கொண்டாலும், படலமே எஃகைவிட்டுப் பெயர்ந்துவிடும். நைட்ரஜனுக்கு மாறுவதா, பூச்சுக்கு முன் விளிம்பைத் தேய்த்தெடுப்பதா என்று அங்கேயே நின்று பேசி முடிவெடுத்தோம். மாதிரியைத் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் எங்களுக்கு வந்திருப்பது அறிக்கை மட்டுமே.

ஆராய்ச்சி வசதி அருகில் இருப்பது ஒரு வட்டாரத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதற்குத் தைவானின் சின்ச்சு நகரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1973இல் அரசு அமைத்த ஐடிஆர்ஐ ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்துதான் 1980இல் யுஎம்சியும் 1987இல் டிஎஸ்எம்சியும் ஆகிய சிப் தயாரிப்பு நிறுவனங்கள் பிறந்தன. அங்கே பழகிய பொறியாளர்கள், கற்ற தொழில்நுட்பத்தோடு அதே ஊரிலேயே தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தார்கள். பெல்ஜியத்தின் லூவனில் 1984இல் தொடங்கப்பட்ட ஐமெக் என்ற சிப் ஆராய்ச்சி நிறுவனத்திலோ, சந்தையில் மோதிக்கொள்ளும் சிப் நிறுவனங்கள்கூட தூசி புகாத ஒரே தூய அறையைப் பகிர்ந்துகொள்கின்றன.

நாங்கள் பயன்படுத்தும் கூடத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் நுண்ணோக்கிக்கு முன்பதிவு கிடைப்பதே அரிது. அதைவிடக் கவலை தருவது ஒப்பந்தம்: சோதனையின்போது புதிய செய்முறை ஏதேனும் உருவானால் அது யாருக்குச் சொந்தம் என்ற விதி மிகத் தெளிவற்ற சொற்களில் எழுதப்பட்டிருப்பதால், புதிய பூச்சுக் கலவை எதையும் அங்கே கொண்டுசெல்ல எனக்குத் துணிவில்லை. பிரான்சின் கிரெனோபிலில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் கூடம் (மிகச் செறிவான எக்ஸ் கதிர்களைக் கொண்டு பொருள்களை ஆராயும் இடம்) இதை எளிதாகத் தீர்த்துவைத்திருக்கிறது: முடிவுகளை வெளியிட ஒப்புக்கொண்டு, நிபுணர் குழுவின் தேர்விலும் தேறுபவர்களுக்கு அக்கதிரைப் பயன்படுத்தும் நேரம் இலவசம், முடிவைத் தமக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். இப்படி ஒரே வரியில் எழுதப்பட்ட விதி இங்கும் இருந்தால், சிறு நிறுவனங்கள் தயங்காமல் உள்ளே வரும்.

பழுதின் காரணத்தைத் தேடும் நிறுவனங்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாடிக்கையாளரிடம் காட்டச் சான்றிதழ் வேண்டுமென்றால், சோதனைக்கூடங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைகளுக்குப் பெறப்பட்டுள்ளது என்ற பட்டியலை முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள். அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகவே வழங்கப்படுகிறது, கூடத்தின் முகப்பில் உள்ள முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.